மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன

சோமா
7 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய நோசிக்கு அகபெல்வா அம்மையாருக்கு,

நலம் விசாரித்து எழுதுகிறேன். உங்கள் போனுக்குப் பதினோரு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அப்புறம் அடித்தால் மணியே போகவில்லை. மோங்குவில் உங்கள் டைப்பிங் கடையின் பெயரைப் பஸ் கண்டக்டரிடம் சொன்னேன், அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சியாமுண்டா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தேர்வு வாரியம் புது மதிப்பெண் மென்பொருள் கொடுத்திருக்கிறது. அது பழைய சிஸ்டத்தில் இன்ஸ்டால் ஆகாது. இங்கே சோமாவில் டேட்டா விற்கிற விலையில் இருபது கம்ப்யூட்டருக்கு அப்டேட் இறக்க முடியுமா? அதனால் லுசாகாவில் ஒரு நண்பனை இறக்கச் சொல்லி, ஹார்ட் டிஸ்கைப் பஸ்ஸில் வரவழைத்து, போன வியாழக்கிழமை இருபதிலும் ஒரே நேரத்தில் ஓட விட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் இருபது திரையிலும் ஒரே வாசகம்: ‘அப்டேட்டை முடிக்க முடியவில்லை. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்.’ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நானும் அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன், மறுபடியும் அதே வட்டம். கரண்ட் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வருகிறது, அதற்குள் எவ்வளவுதான் செய்ய முடியும்!

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய மதிப்பெண்களும் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. நவம்பர் முப்பதுக்குள் வாரியத்துக்குப் போகவில்லை என்றால் அவர்களுக்கு வேலை நியமனம் ஓர் ஆண்டு தள்ளிப் போகும். அதன் டிஸ்கைக் கழற்றி வேறு எதில் மாட்டினாலும் திறக்காதபடி உங்கள் காலத்திலேயே பூட்டி வைத்திருக்கிறீர்கள். லுசாகா கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்கு இப்போது நான்தான் தலைவர். என் தலைதான் உருளும்.

இந்த இருபதையும் ஒவ்வொன்றாக நிறுவியது நீங்கள். பழையதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் வழி சொல்ல வேண்டும்.

மிக்க பணிவுடன்,
மிலிமோ ஹபேன்சு


மோங்கு
11 அக்டோபர் 2024

மிலிமோ,

பதினொன்று இல்லை, பதினான்கு முறை அடித்தாய். எண்ணினேன். எண்ணுவதில் ஒரு சுகம் இருந்தது.

‘அம்மையார்’ என்று எழுதியதைப் படித்து என் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூன்று வருடம் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ‘ஏய் மீன்காரி’ என்று கூப்பிட்டவன் நீ. வேலை ஆக வேண்டும் என்றால் மரியாதை தானாக வருகிறது, பார்த்தாயா.

உனக்கு வழி சொல்கிறேன். ஆனால் போனில் பேச மாட்டேன். வாயால் பேசியதை நீ பிறகு என்னவாக ஆக்குவாய் என்று எனக்குத் தெரியும். நீ கேட்பதெல்லாம் காகிதத்தில், உன் கையெழுத்தில், கீழே கையொப்பத்தோடு வர வேண்டும். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு வழி. ஒவ்வொரு வழிக்கும் நீ எனக்கு ஒன்று தர வேண்டும்.

முதல் வழி: கீபோர்டு, மவுஸ் தவிர வெளியே மாட்டியிருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கு. பிரிண்டர், ஸ்கேனர், மாணவர்கள் மறந்துவிட்டுப் போன பென்டிரைவ் எல்லாம். பெட்டியைத் திறந்து தூசியை ஊது. மெமரி அட்டையைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் துடைத்துத் திரும்ப மாட்டு. பிறகு போட்டுப் பார்.

எனக்கு நீ தர வேண்டியது ஒரே ஒரு வரி. 2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. மதிப்பெண்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையை ஒன்றாம் நம்பரில் ஓட விட்டுவிட்டு, பஸ்ஸில் வந்த அப்டேட் டிஸ்கை வாங்க ஸ்டாண்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அந்த வாரம் பதிந்த செய்முறை மதிப்பெண்கள் எல்லாம் போயிருந்தன. யார் ரீஸ்டார்ட் செய்தது?

பெயரை மட்டும் எழுது. அடைமொழி வேண்டாம்.

நோசிக்கு


சோமா
16 அக்டோபர் 2024

அன்பான நோசிக்கு,

சரி, ‘அம்மையார்’ போகட்டும். பழைய மாதிரியே எழுதுகிறேன்.

நீ சொன்னபடி இருபதையும் திறந்து ஊதினேன். இரண்டு நாள் தும்மினேன். பதினான்காம் நம்பருக்குள் ஒரு பல்லிக் குடும்பமே குடியிருந்தது. மெமரியைத் துடைத்து மாட்டிப் போட்டேன். அதே வட்டம். எட்டாம் நம்பர் மட்டும் முப்பது சதவீதம் வரை போய், கரண்ட் போனதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

நீ கேட்ட விஷயம். நோசிக்கு, அன்று நடந்தது ஒரு கெட்ட நேரம். என் தங்கைக்குக் கல்யாணத்துக்கு முந்தைய பெண்கள் விருந்து வைத்திருந்தோம், அதற்கு அழைப்பு அட்டை அடிக்க வேண்டியிருந்தது. புதுப் பிரிண்டருக்கு ஏதோ இன்ஸ்டால் செய்ததாக ஞாபகம். அதற்கும் ரீஸ்டார்ட்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று இப்போது யாரால் சொல்ல முடியும்? ஒரு மெஷின் ஆயிரம் காரணத்துக்காக நிற்கும் என்று நீயே சொல்வாய்.

தவிர, கூட்டத்தில் நான் சொன்னது முறைக்காரன் கேலிதானே! நம் இரண்டு இனத்துக்கும் தாத்தா காலத்திலிருந்தே கேலி முறை; மீன் பிடிக்கிற லோசிக்காரியை மாடு மேய்க்கிற டோங்காக்காரன் கிண்டல் பண்ணாமல் வேறு யார் பண்ணுவார்கள்? நீயும்தான் சிரித்துக்கொண்டே ‘ஆமா’ என்றாய். அதை அவர்கள் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நான் கனவா கண்டேன்? இதற்குப் போய் இரண்டு வருடம் ஒரு மனுஷி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

மாணவர்கள் தினமும் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். அடுத்த வழியைச் சொல்.

உன் முறைக்காரன்,
மிலிமோ


மோங்கு
21 அக்டோபர் 2024

மிலிமோ,

‘ஞாபகம்’ என்று எழுதியிருக்கிறாய். ‘கெட்ட நேரம்’ என்று எழுதியிருக்கிறாய். பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கக் கடிதத்தில் ஒரு பெயரை எழுத இடம் இல்லாமல் போய்விட்டதா?

அந்தக் கூட்டத்தை நான் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். அக்டோபர் பதினேழு, திங்கட்கிழமை. பிரின்சிபால் கபம்புவே அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ரெஜிஸ்ட்ரார் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். “ஒன்னாம் நம்பரை யாரு ஆஃப் பண்ணது?” என்று அம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “வேற யாரும்மா? இந்த லோசிக்காரிதான். ஒயரைப் பார்த்து மீன் வலைன்னு நெனச்சு இழுத்திருப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். முறைக்காரன் பழி போட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் ரோஷக்காரி, கேலி தாங்காதவள் என்று பெயர் வரும். ‘ஆமா’ என்று ஏற்றுக்கொண்டு அதற்கு மேல் ஒன்றைப் போட வேண்டும். என்னை அப்படித்தான் வளர்த்தார்கள், உன்னையும் அப்படித்தான். சாவு வீட்டில்கூட நாம் அப்படித்தான் பேசுவோம். நானும் சொன்னேன்: “ஆமாம்மா, நான்தான் இழுத்தேன். அடுத்த வாரம் இவன் மாட்டுப் பட்டியையும் சேர்த்து இழுத்துட்டுப் போகப் போறேன், இப்பவே எழுதி வச்சுக்குங்க.”

எழுதி வைத்துக்கொண்டார்கள். மாட்டுப் பட்டியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் எழுதினார்கள். ‘ஊழியர் தன் தவறை ஒப்புக்கொண்டார்.’ அடுத்த வாரம் வேலை நீக்கக் கடிதம் வந்தது. நான் ஓடிப்போய் ரெஜிஸ்ட்ராரிடம் நின்றேன். “அதான் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டியேம்மா” என்றார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ பிரிண்டரில் காகிதம் வைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை, மிலிமோ. ‘அது கேலி, ரீஸ்டார்ட் செய்தது நான்’ என்று ஒரு வார்த்தை. நீ காகிதத்தின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தாய்.

அந்த வருடத்து மாணவர்கள் செய்முறைப் பருவத்தைத் திரும்பச் செய்தார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது என் கடைக்கு எதிரே இருக்கிற பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளின் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்க வெயிலில், இந்த மணலில், அரை மைல் நடந்து வேறு கடைக்குப் போகிறாள். என் கடைக்குள் கால் வைக்க மாட்டாள். ‘மார்க்கைத் தொலைச்ச மேடம்’ என்றுதான் இங்கே எனக்குப் பெயர். எந்தக் கல்லூரிக்கு மனுப் போட்டாலும் அந்த ஒரு வரி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உன் அனுதாபம் வேண்டாம். அந்த வரி அழிய வேண்டும்.

இரண்டாவது வழி: ஆன் செய்து, வட்டம் வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணை. மூன்று முறை இப்படிச் செய்தால் பழுது பார்க்கும் திரை வரும். அதில் கடைசி அப்டேட்டை நீக்கச் சொல். இல்லையென்றால் சேஃப் மோடில் போகச் சொல். இருபதிலும் செய்.

நீ எனக்குத் தர வேண்டியது: அடுத்த ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று யார் செய்தது என்று சொல்ல வேண்டும்.

நோசிக்கு


சோமா
29 அக்டோபர் 2024

நோசிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

பழுது பார்க்கும் திரை வந்தது. அப்டேட்டை நீக்கச் சொன்னால் ‘வேலை பாக்கி இருக்கிறது, நீக்க முடியாது’ என்கிறது. சேஃப் மோடும் அதே வட்டத்தில்தான் போய் நிற்கிறது. எட்டாம் நம்பர் முப்பது வரை போனது என்றேனே, இப்போது அதுவும் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை.

நேற்றுக் கூட்டம். உன் கடிதத்தைப் பத்து தடவை படித்துவிட்டுத்தான் போனேன். கடைசியில் எழுந்து, “அம்மா, ஒரு விஷயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒன்னாம் நம்பரை ரீஸ்டார்ட் பண்ணது நோசிக்கு இல்ல. நான்தான். என் தங்கச்சி விருந்து அட்டை அடிக்கப் பிரிண்டர் சாஃப்ட்வேர் போட்டேன். அது ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னு அழுத்திட்டேன்” என்றேன். இப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நம்பினால் நம்பு.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு கணக்கு ஆசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அடேயப்பா, லோசிக்காரி மோங்குவுல இருந்தே உன்ன ஆட்டி வைக்கிறாளா! மந்திரம் போட்டுட்டாளா?” என்றார். இன்னொருவர், “முறைக்காரிக்குத் தூது விடுறாரு, பொண்ணு கேக்கப் போறாரு போல, பரிசத்துக்கு மாட்டை எண்ணி வைங்கப்பா” என்றார். “இல்லைங்க, நிஜமாத்தான்” என்றேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. கபம்புவே அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஹபேன்சு, உட்காரு. போனவளைப் பத்திப் பேசி என்ன ஆகப் போவுது? மெஷினைச் சரி பண்ற வேலையப் பாரு” என்றார். ரெஜிஸ்ட்ரார் பேனாவைத் தொடவே இல்லை.

நான் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்கவில்லை. இதற்கு மேல் நான் என்ன செய்ய?

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மாமரத்தடியில் பாயைப் போட்டுக் காத்திருக்கிறார்கள். ஒருவன் என்னிடம் வந்து, “சார், அழிச்சாலும் சொல்லிடுங்க, ஊருக்குப் போயி கரண்ட் மீட்டர் படிக்கிற வேலையாவது பாக்கறேன்” என்றான். என் மேல் இருக்கிற கோபத்தை இவர்கள் மேல் காட்டாதே. உனக்கு வழி தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிலிமோ


மோங்கு
3 நவம்பர் 2024

மிலிமோ,

சிரித்தார்களா! உண்மையைச் சொல்லி நின்றாய், அதைப் பார்த்துச் சிரித்தார்களா! இந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தேன், கருகிப்போனது. பரவாயில்லை, கருகலையே தின்றேன், ருசியாக இருந்தது. அன்று எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் அது போதாது. மனிதர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கம்ப்யூட்டருக்கு முறைக்காரன் கிடையாது.

தன்னை யார், எந்த நிமிடத்தில், எதற்காக ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள் என்று கம்ப்யூட்டர் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். உனக்கு இது தெரியும், மறந்திருப்பாய். அன்று சாயங்காலமே அந்தப் பதிவை வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுக்கிற வெளி டிஸ்கில் எடுத்து வைத்தேன். அது ரெஜிஸ்ட்ராரின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. பச்சை உறை, மேலே என் எழுத்தில் தேதி. அதைத் திறந்து பார்க்கச் சொல்லி அன்று கெஞ்சினேன். ‘ஒத்துக்கிட்ட அப்புறம் எதுக்கும்மா அதெல்லாம்’ என்றார்கள். நீ தலைவர் ஆனதும் வெள்ளிக்கிழமை நகலையே நிறுத்திவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று உனக்கு என்னிடம் வரவே தேவை இருந்திருக்காது.

மூன்றாவது வழி, இதுதான் வழி: அந்த டிஸ்கைப் பிரின்சிபாலின் லேப்டாப்பில் மாட்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்டோபர் பதினான்காம் தேதிப் பதிவைத் திற. அந்தப் பக்கத்தை அச்சடித்து, கீழே ‘இது நான்’ என்று எழுதிக் கையொப்பம் போட்டு அவரிடம் கொடு. கூட்டக் குறிப்பைத் திருத்த வேண்டும். திருத்தியதற்கு நகல் எனக்கு வர வேண்டும்.

அது என் கைக்கு வந்த மறுநாள் உன் கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்க வழி சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கிடையாது. மாணவர்களைக் காட்டி என்னை மிரட்டாதே. நாள் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறேன். முப்பதாம் தேதிக்குள் வேலை முடியும்.

நீ யோசிப்பாய். தலைவர் நாற்காலியா, மாணவர்களா என்று. யோசி. நான் இரண்டு வருடம் யோசித்தேன்.

நோசிக்கு


சோமா
12 நவம்பர் 2024

நோசிக்கு,

செய்துவிட்டேன்.

பச்சை உறை அங்கேயேதான் இருந்தது. கபம்புவே அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவு இப்படி இருக்கிறது: காலை 11.42. பயனர் மிலிமோ ஹபேன்சு. காரணம், மென்பொருள் நிறுவல். அம்மா ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை விரலை வைத்துப் படித்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “இந்தப் பொண்ணு என் ரூம் வாசல்ல மூணு நாள் நின்னாளே, ஹபேன்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என்னை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் விசாரணை. வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறிப்பைத் திருத்திவிட்டார்கள். நகல் இதற்குள் இருக்கிறது. உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுவதாக அம்மா சொன்னார். என் அப்பா என்னோடு பேசுவதில்லை. தங்கை தன் விருந்து அட்டையால் வந்தது என்று அழுகிறாள்.

நீ கேட்டதெல்லாம் தந்துவிட்டேன். இப்போது வழியைச் சொல். நான் அங்கே இல்லாவிட்டாலும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

மிலிமோ


மோங்கு
17 நவம்பர் 2024

மிலிமோ,

நகல் கிடைத்தது. ‘ஊழியர் தன் தவறை ஒப்புக்கொண்டார்’ என்ற வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எதிர்ப் பள்ளி ஆசிரியை நேற்று வந்து வாசலில் நின்று படித்தாள். உள்ளே வந்து எங்கள் வழக்கப்படி முழங்காலிட்டுக் கைதட்டி வணங்கிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

பிரின்சிபாலின் கடிதமும் வந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி வேலையில் சேரச் சொல்கிறார். உன் நாற்காலியில்.

இப்போது வழி. கேட்டுக்கொள், மிலிமோ. வழி எதுவும் இல்லை. சும்மா விட வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாதியில் நின்ற அப்டேட்டை அவை தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தன, திரையில் எழுதியிருந்ததே, தமாஷுக்கா எழுதினார்கள்? பழைய டிஸ்க், மெதுவாகத்தான் போகும். எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் ஆகும். உங்களுக்கு வருவது நான்கு மணி நேரக் கரண்ட். பாதி வழி போவதற்குள் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கரண்ட் இருக்கிற நேரத்திலும் நீ பொறுக்க மாட்டாமல் அணைத்து அணைத்துப் போட்டாய். எங்கேயாவது ஒரு பெரிய ஜெனரேட்டரைப் பிடித்து, காலையில் போட்டுவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு போ. சாயங்காலம் எல்லாம் எழுந்திருக்கும். ஒரு மதிப்பெண்கூடப் போயிருக்காது.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு இது தெரியும். இரண்டாவது பத்தியிலேயே தெரியும். தூசி ஊதச் சொன்னது, மூன்று முறை அணைக்கச் சொன்னது எல்லாம் சரியான வழிகள்தான், வேறு நோய்க்கு. உனக்கு அவை தேவையே இல்லை. இரண்டாவது வழி இன்னும் தாமதப்படுத்தும் என்று தெரிந்துதான் எழுதினேன். எட்டாம் நம்பர் பூஜ்யத்திலேயே நின்றது என்னால்.

பாயைப் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நினைக்காமல் இல்லை. நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் உறையை ஒட்டினேன். நல்ல காரியம் என்று நான் சொல்லவில்லை. நீ என்னிடமிருந்து எடுத்ததை நீயே உன் கையால் திருப்பிக் கொடுப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்துவிட்டேன். ஒரே ஒரு நாள் பொறுமையாக இருந்திருந்தால் உன் வேலை உன்னிடமே இருந்திருக்கும், மிலிமோ. அதை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிரு.

நோசிக்கு


சோமா
23 நவம்பர் 2024

நோசிக்கு,

கம்ப்யூட்டர்கள் நவம்பர் ஆறாம் தேதியே எழுந்துவிட்டன.

அதற்கு முந்தின நாள் லுசாகாவில் உதிரி பாகம் விற்கிறவர் ஒருவரிடம் போனில் புலம்பினேன். “எத்தன மணி நேரம் தொடாம விட்டீங்க?” என்று கேட்டார். கரண்ட் இருக்கிற நான்கு மணி நேரம்கூட முழுதாக விட்டதில்லை என்றேன். என் மாமா பண்ணையில் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தேன். காலை ஆறு மணிக்குப் போட்டோம். நானே அறையைப் பூட்டி, சாவியைப் பிரின்சிபாலிடம் கொடுத்தேன், இல்லையென்றால் போய்த் தொட்டிருப்பேன். நாலே கால் மணிக்கு இருபதும் எழுந்தன. மாமரத்தடியில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்துப் பண்ணை மாடெல்லாம் மிரண்டன. மதிப்பெண்கள் அந்த வாரமே வாரியத்துக்குப் போய்விட்டன.

உன்னுடைய மூன்றாவது வழி எனக்கு ஏழாம் தேதிதான் கிடைத்தது.

அதைப் படித்தபோது எனக்கு உன்னிடம் ஒன்றும் தேவைப்படவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். திங்கட்கிழமை போய் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை நீ என்னிடமிருந்து பிடுங்கினாய் என்று உன்னால் யாரிடமும் சொல்ல முடியாது. அது ஒன்றைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

பிறகு எதற்காக ‘வழியைச் சொல்’ என்று எழுதினேன் என்று கேட்பாய். உனக்கு முதலிலிருந்தே தெரியுமா என்று தெரிந்துகொள்ளத்தான். தெரியுமென்றால் அதை நீயே எழுத வேண்டும், உன் கையெழுத்தில், கீழே கையொப்பத்தோடு. எழுதிவிட்டாய். மாணவர்கள் அந்த வாரமே பாயைச் சுருட்டிவிட்டார்கள் என்பதால் நீ செய்தது ஒன்றும் குறைந்துவிடாது. அவர்கள் இன்னும் பாயில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நீ உறையை ஒட்டினாய்.

உன் பதினேழாம் தேதிக் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. எப்படிச் சரி செய்தாய் என்று இந்த வாரம் கபம்புவே அம்மா கேட்டபோது, “நோசிக்கு கடிதத்தில் சொல்லிக் கொடுத்தாள்” என்றேன். அப்படித்தான் குறிப்பிலும் எழுதியிருக்கிறார்கள், ரெஜிஸ்ட்ரார் இந்தத் தடவை பேனாவை எடுத்தார். டிசம்பர் இரண்டாம் தேதி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் உன்னை வாசலிலேயே நின்று வரவேற்கப் போகிறார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வரிசையாக உட்கார்ந்து கைதட்டி நன்றி சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் ஊர் முறைப்படி. ஒரு மோங்குக்காரப் பையன்தான் சொல்லிக் கொடுக்கிறான்.

அவர்களிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம், அதுதான் சுலபம். முதல் வாரம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், சாப்பாடு இறங்காது. அப்புறம் பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது.

மிலிமோ